முழங்கை வரை மட்டும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கரன்கோவிலில் இருந்து பனவடலிசத்திரம் போகிற வழியில், எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவருக்குப் பூந்தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்து சிமெண்ட் தொட்டியில் மோட்டார் போட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். என் கணவருக்கு அன்று ஞானஸ்நானம். எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் தலையோடு முழுக்கி எடுப்பதுதான். கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெபத்தில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த காரியம் அது. ஆனால் அன்றைக்குத் தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு, கரண்ட் போய்விட வேண்டும், மோட்டார் எரிந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டவளும் நான்தான்.

ஏன் என்று சொல்கிறேன். என் கணவருக்குத் தொண்டைக்குழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது. அவர் மூச்சு விடுவது அது வழியாகத்தான். மூக்கு, வாய் எல்லாம் அவருக்கு இப்போது முகத்தில் சும்மா இருக்கின்றன. அந்த ஓட்டையில் தண்ணீர் போனால் நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

அவர் எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட்டில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர். பிச்சியும் மல்லியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்போது அவர் குரலைக் கேட்க வேண்டும். மார்க்கெட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கிற வியாபாரி அங்கிருந்தே கையைத் தூக்கி விலை கேட்பார். அவ்வளவு கனமான குரல். ஏலம் முடிந்ததும் பக்கத்து மேஜையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடிப்பார். அடித்துவிட்டால் அடித்ததுதான், அதற்கு மேல் யார் வந்து கெஞ்சினாலும் விலை மாறாது. "அண்ணாச்சி தட்டிட்டாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்கள்.

அவரும் கிறிஸ்தவக் குடும்பம்தான். கைக்குழந்தையாக இருந்தபோதே பெரிய சர்ச்சில் தண்ணீர் தெளித்து அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். நான் கல்யாணத்துக்குப் பிறகு இந்தச் சின்னச் சபைக்குப் போய், விவரம் தெரிந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவர் வீட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பார்.

"எனக்குப் பிள்ளையிலயே தெளிச்சாச்சுட்டி! ஒரு ஆளுக்கு எத்தனை தடவைதான் ஞானஸ்நானம்? நீ முழுகுனது நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துன்னு வச்சுக்க."

அந்தச் சிரிப்பை எத்தனையோ வருஷம் கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன். இப்போது ஒரே ஒரு தடவை அப்படிச் சிரித்துவிட மாட்டாரா என்று இருக்கிறது.

குரல் கம்மத் தொடங்கியபோது ஏலத்தில் கத்தியதால்தான் என்று நினைத்தோம். பீடியை அவரும் விடவில்லை, பீடியும் அவரை விடவில்லை. கடைசியில் திருநெல்வேலியில் காட்டியபோது கட்டி என்றார்கள். குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும், எடுத்தால் ஆள் பிழைக்கலாம், குரல் பிழைக்காது என்றார்கள். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகிற நேரம், அவர் தன் சொந்தக் குரலில் கடைசியாக ஏதாவது சொல்வார் என்று அழுதுகொண்டே கூடப் போனேன். "ஏட்டி, பீரோ சாவி சட்டப் பையில இருக்கு, தொலச்சுராத" என்றார். கதவு மூடிவிட்டது. பல வருஷம் சேர்ந்து வாழ்ந்ததற்கு எனக்குக் கிடைத்த கடைசி வார்த்தை பீரோ சாவி. இதைச் சொல்லி இன்றைக்கும் அவரோடு சண்டை போடுவேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஓட்டையைச் சுத்தம் செய்வது என் வேலையாகிவிட்டது. காலையில் முதல் வேலை அதுதான். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றிலும் துடைப்பேன். மூச்சு உள்ளே போகும்போது கையை எடுக்க வேண்டும், வெளியே வரும்போது துடைக்க வேண்டும். முதலில் நேரம் தப்பிவிடும். போகப் போக அவர் மூச்சும் என் கையும் பழகிவிட்டன. அவர் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார், நான் படித்துக்கொள்வேன். மற்றவர்களிடம் போனில் எழுதிக் காட்டுவார். கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு மெஷின் வாங்கினோம். எறும்பு கடித்த ரேடியோ மாதிரி இருக்கிறது என்று எழுதிக் காட்டிவிட்டு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

எப்போது, எப்படி அவர் மனசு திரும்பியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்குக் கிளம்பும்போது அவரும் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். கடைசி வரிசையில், வாசலோரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டுப் பாடும்போது மற்றவர்கள் பாட, இவர் கையைத் தட்டினார். ஏலம் முடிக்கிற கையல்லவா, அந்தச் சின்ன ஹாலே அதிர்ந்தது. அப்படியே வாரா வாரம் வர ஆரம்பித்தார். நானாக எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே நின்றுவிடுவாரோ என்று பயம்.

ஒரு நாள் காலை துடைத்துக்கொண்டிருக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். உதட்டை நிதானமாக அசைத்தார். "நான் முழுகணும்ட்டி."

சந்தோஷத்தில் எழுந்தேன். பாதியிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டேன். என் விரல் அப்போது அந்த ஓட்டைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

பாஸ்டர் ஐயா வீட்டுக்குப் போனோம். அவர் ரொம்ப மெதுவானவர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "அண்ணாச்சி, உங்க விசுவாசம் ஆண்டவருக்குத் தெரியும். தலையில கொஞ்சம் தண்ணி ஊத்தி ஜெபம் பண்ணுதேன். அது போதும்" என்றார்.

கூட ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் சபையில் மூப்பர், டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே நிரம்பி வழியும், அந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் அவர் கடை ஷட்டர் ஏறாது. சட்டம் என்றால் சட்டம். அவர் தலையை ஆட்டினார்.

"ஊத்துனா அது ஊத்துனதுதான், பாஸ்டர். அத முழுக்குன்னு சொல்லப்படாது. முடியலன்னா முடியலன்னு விட்டுருவோம். மனுசன் விசுவாசிச்சுட்டாரு, ஆண்டவர் என்ன உயிரயா கேக்காரு? ஆனா பாதியச் செஞ்சுட்டு முழுசுன்னு பேரு வைக்காதீங்க."

நான் உள்ளுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன். விட்டுவிடலாம் என்று அவரே சொல்லிவிட்டாரே! ஆனால் என் கணவர் டீப்பாயில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். டீ டம்ளர் குதித்தது. மூப்பரைக் கை காட்டி, இவர் சொல்வதுதான் சரி என்று சைகை செய்தார். பிறகு போனில் எழுதி மூன்று பேருக்கும் காட்டினார். பாதி வேண்டாம், முழுசாகத்தான் வேண்டும். கழுத்தை அறுக்கணும் என்று டாக்டர் சொன்னபோது ஏன் என்று கேட்காமல் கழுத்தைக் கொடுத்தேன், ஆண்டவர் சொல்வதற்கு மட்டும் நான் சாக்குச் சொல்லவா என்று எழுதியிருந்தார்.

பாருங்கள் வேடிக்கையை. பாஸ்டர் விட்டுக்கொடுக்கிறார், சட்டம் பேசுகிற மூப்பர் விட்டுக்கொடுக்கிறார், எத்தனையோ வருஷம் இவருக்காக உபவாசம் இருந்த நான் வேண்டாம் என்கிறேன். வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர், வாசலில் நின்று கேலி செய்த அதே மனுஷன்.

வீட்டுக்கு வந்து பெரிய சண்டை. கத்தியதெல்லாம் நான்தான். கிருபை போதும், கிருபையினால்தான் இரட்சிப்பு, தண்ணீரால் இல்லை, நான்தானே இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னேன் என்று கத்தினேன். பிறகு பேசாமல் இருந்து பார்த்தேன். பேச முடியாதவரிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பது போல வீண் வேலை எதுவும் இல்லை. அவருக்கு அது தெரியவே இல்லை. சாயங்காலம் அவரே வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். உதட்டை அசைத்தார், நான் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

"கிருபை போதும்னு எனக்கும் தெரியும்ட்டி. ஏலம் எப்பவோ முடிஞ்சு போச்சு. என்னய வாங்கியாச்சு, வெல குடுத்தாச்சு. வாங்குனவரு வண்டியில ஏறணும்லா? இங்கனயே கெடந்தா வாடிருவேன்."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கீழ்ப்படிதல் என்றால் என்ன என்று எனக்கு அவ்வளவு தெளிவாக அதுவரை யாரும் சொன்னதில்லை. இரட்சிப்பை வாங்குவதற்காக அவர் முழுகப் போகவில்லை. வாங்கப்பட்டவன் செய்ய வேண்டியது இது என்று முழுகப் போகிறார். நான் பயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன்.

திருநெல்வேலிக்குப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டோம். நல்ல திட்டு கிடைத்தது. ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போனாலும் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டினார். கேட்ட பிறகும் இவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நான் செய்யாதீங்கன்னுதான் சொல்றேன். ஆனா இவர் கேக்கப் போறதில்ல போலிருக்கே" என்று பெருமூச்சு விட்டார். பிறகு சொன்னார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போவதால் ஆபத்தில்லை, அந்த வழி நுரையீரலோடு இப்போது சேரவில்லை. ஓட்டை ஒன்றைத்தான் காக்க வேண்டும். தண்ணீர் புகாத பிளாஸ்திரியை, மூச்சை வெளியே விட்ட பிறகு, அந்த நிமிஷத்தில்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு அவரால் மூச்சு விட முடியாது. ஆபரேஷன் செய்த கழுத்து மேடும் பள்ளமுமாக இருப்பதால் பிளாஸ்திரி மட்டும் நிற்காது, மேலே ஒரு உள்ளங்கை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். தண்ணீரை விட்டு வெளியே வரும்வரை அந்தக் கை நகரக் கூடாது. யார் கை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்.

அவருடைய கையே போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். வீட்டில் கட்டிலில் ஒத்திகை பார்த்தோம். நான் அவர் முதுகைப் பிடித்துப் பின்பக்கமாகச் சாய்ப்பேன், அவர் கழுத்தைப் பொத்திக்கொள்ள வேண்டும். சாய்த்தவுடன் அவர் கை தானாகக் கழுத்தை விட்டுவிட்டுக் கட்டில் சட்டத்தைப் பிடிக்கும். எத்தனை தடவை செய்தாலும் அப்படித்தான். பின்னால் விழுகிற மனுஷன் எதையாவது பிடிக்கத்தான் பார்ப்பான், அதை யாரும் மாற்ற முடியாது. பாஸ்டர் ஐயாவின் இரண்டு கையும் அவரைத் தாங்குவதற்கு வேண்டும். வேறு ஆண்கள் யாராவது பிடிக்கலாம் என்றால் இவர் ஒத்துக்கொள்ளவில்லை. என் வலது கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார்.

அதுவும் சரிதான். அந்த மூச்சு எப்போது போகும், எப்போது வரும் என்று என் கைக்குத்தான் தெரியும்.

இதைச் சபையில் சொன்னபோது மூப்பருக்கு மறுபடியும் சங்கடம். எங்கள் சபையில் ஞானஸ்நானத் தொட்டிக்குள் பாஸ்டரும் எடுக்கிறவரும் மட்டும்தான் இறங்குவது. அதோடு நான் ஏற்கெனவே முழுகினவள். ஒருவருக்கு ஒரே ஞானஸ்நானம் என்பதில் எங்கள் சபை ரொம்பக் கண்டிப்பு. இரண்டாம் தடவை அதே நேரத்தில் அதே தண்ணீரில் இறங்குவதா என்று அவருக்கு ஒரே யோசனை. அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் மனசார ஆண்டவருக்குப் பயப்படுகிறவர், ஊருக்காகச் செய்கிறவர் இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"தங்கச்சி உள்ள எறங்க வேண்டாம். வெளிய நின்னு, சுவருக்கு மேல குனிஞ்சு, கைய மட்டும் நீட்டிப் புடிக்கட்டும். முழங்கை வரைக்கும் நனையலாம். அது முழுக்கு ஆகாது."

எல்லோருக்கும் திருப்தி. எனக்கும்தான். முழங்கைக்கு மேல் நனையலாமா கூடாதா என்று பெரியவர்கள் கூடிப் பேசினோமே தவிர, முழங்கை அளவு கை அங்கே எட்டுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒத்திகையெல்லாம் கட்டிலில் பார்த்தது. கட்டிலுக்குச் சுவர் கிடையாதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேண்டிக்கொண்டபடி கரண்ட் போகவில்லை. தொட்டி நிறைந்துவிட்டது. சுற்றிலும் பிச்சிச் செடி. சபை ஆட்களோடு பூ மார்க்கெட் ஆட்களும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், சிலர் நெற்றியில் திருநீற்றோடு. அண்ணாச்சிக்கு என்னமோ விசேஷமாம் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். என் கணவர் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகத் தண்ணீருக்குள் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு மேல் நின்றது, ஓட்டைக்கு ரொம்பக் கீழேதான். நான் வெளியே ஒரு கல்லைப் போட்டு அதன்மேல் ஏறி, சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து நின்றேன். பிளாஸ்திரி என் இடது கையில் தயாராக இருந்தது. மூப்பர் எனக்குப் பக்கத்தில் துண்டோடு நின்றார்.

பாஸ்டர் ஐயா வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். இயேசுவை உன் இரட்சகராக விசுவாசிக்கிறாயா? இதற்கு எங்கள் சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். கேட்ட பிறகுதான் பாஸ்டருக்கே அது நினைவு வந்தது போல. முகம் மாறிவிட்டது.

என் கணவர் உதட்டை அசைத்தார். விசுவாசிக்கிறேன் என்று நான் படித்தேன், மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவருக்கும் அது போதவில்லை. திரும்பினார், கையை உயர்த்தி, தொட்டிச் சுவரில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தார். தோட்டத்துக்கே கேட்டது. மார்க்கெட் ஆட்களில் ஒருவர், "அண்ணாச்சி தட்டிட்டாருவே!" என்று தன்னையறியாமல் கத்திவிட்டார். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார், ஆனால் கண்ணில் தண்ணீர். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கை தட்டினால் தட்டினதுதான் என்று சங்கரன்கோவிலுக்கே தெரியும்.

பாஸ்டர் ஐயா சொல்ல வேண்டிய வார்த்தைகளை முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டு எனக்குத் தலையசைத்தார். என் கணவரின் மூச்சு வெளியே வந்தது. நான் பிளாஸ்திரியை ஒட்டி, வலது உள்ளங்கையை மேலே வைத்து அழுத்தினேன். பாஸ்டர் ஐயா ஒரு கையை அவர் முதுகுக்குக் கொடுத்தார். அப்போதுதான் பாஸ்டருக்குச் சுவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சாய்க்கும்போது தலை இடித்துவிடும் என்று நல்ல எண்ணத்தில் அவரை ஓரடி நடுப்பக்கமாக இழுத்துக்கொண்டு சாய்த்துவிட்டார்.

ஓரடிதான். என் கை நீண்டது, முழங்கை நனைந்தது, அவர் கழுத்து இன்னும் தள்ளிப் போனது. தோள்பட்டை வரை நீட்டிவிட்டேன், அவர் இன்னும் கீழே போகிறார். உள்ளங்கை வழுக்கி விரல் நுனி மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. பிளாஸ்திரியின் ஓரம் கிளம்பி என் விரலில் தட்டுப்பட்டது. பக்கத்தில் மூப்பர், "தங்கச்சி!" என்றார். எச்சரிக்கையா பதற்றமா, எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். காலால் கல்லை உதைத்தேன். சுவர் வயிற்றில் உரசியது. தலைகுப்புறத் தண்ணீருக்குள் போய்விட்டேன், சேலையோடு, செருப்போடு. கண்ணைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் உள்ளங்கைக்கு அடியில் அவர் கழுத்து முழுசாக வந்துவிட்டது என்பது மட்டும்தான். இடது கையால் அவர் பின்கழுத்தையும் வளைத்துப் பிடித்துக்கொண்டேன். தண்ணீருக்கு அடியில் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

பாஸ்டர் ஐயா ஒரே இழுப்பில் எங்கள் இருவரையும் தூக்கினார். மெதுவான மனுஷருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

மேலே வந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை. விட்டால் தண்ணீர் போய்விடும் என்ற ஒரே நினைப்பு. அவர் முகம் சிவக்கிறது, கண் பிதுங்குகிறது, என் கையில் பட்டுப் பட்டென்று அடிக்கிறார், நான் இன்னும் அழுத்துகிறேன். உதட்டை வேறு பலமாக அசைக்கிறார். கண்ணில் தண்ணீர் வழிந்ததில் எனக்குப் படிக்க முடியவில்லை. கடைசியில் பாஸ்டர் ஐயாதான், "சிஸ்டர், கைய எடுங்க, மூச்சு விடட்டும்!" என்று என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிளாஸ்திரியைப் பிடுங்கியதும் அந்த ஓட்டையிலிருந்து புஸ்ஸென்று மூச்சு வந்தது பாருங்கள், அதுபோல ஒரு இனிமையான சத்தத்தை நான் என் ஜென்மத்தில் கேட்டதில்லை. காய்ந்த மூச்சு. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

அவர் மறுபடியும் சொன்னபோதுதான் படித்தேன். "கைய எடுட்டி, கொன்னுருவா போலிருக்கே!"

மார்க்கெட் ஆட்கள் சிரித்தார்கள், சபை ஆட்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள், நான் தொட்டிக்குள்ளேயே நின்று சத்தம் போட்டு அழுதேன். அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. உச்சந்தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, முழுகினவளாக நிற்கிறேன். அதே நேரம், அதே தண்ணீர். முழங்கை வரை மட்டும் என்று சொல்லி அனுப்பப்பட்டவள்.

எல்லோரும் மூப்பரைப் பார்த்தார்கள். அவர் கையில் துண்டு அப்படியே இருந்தது. சட்டென்று சுவர் பக்கம் வந்து, என் கணவருக்கு வைத்திருந்த அந்தத் துண்டை என் தோளில் போர்த்தினார்.

"பாஸ்டர், இது ரெண்டாவது முழுக்குன்னு யாரும் சொல்லப்படாது" என்றார் கனத்த குரலில். "நான் முழங்கைய அளந்துட்டு நின்னேன். தங்கச்சி அந்த ஆள விடல. அவ்வளவுதான்."

என் கணவர் தண்ணீரில் நின்றபடியே அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனைக்கும் அவரை முழுசாக முழுக வைத்தது அந்த மூப்பர் பேசிய சட்டம்தான். பாதியைச் செய்துவிட்டு முழுசு என்று பேர் வைக்காதீர்கள் என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால், ஒரு செம்புத் தண்ணீரோடு காரியம் முடிந்திருக்கும். அந்த அடி, அந்த மூச்சு, எதுவும் இருந்திருக்காது. ஆகவே சட்டமெல்லாம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சொன்னபடி செய்த மனுஷனோடுதான் குடித்தனம் நடத்துகிறேன், அதில் எனக்குப் பெருமை உண்டு.

டாக்டரம்மாவிடம் அடுத்த தடவை போனபோது நடந்ததைச் சொன்னோம். தலையில் கை வைத்துக்கொண்டார். இனிமேல் இந்த ஜென்மத்தில் ஆற்றுப் பக்கம் குளத்துப் பக்கம் போகக் கூடாது என்று இரண்டு பேரையும் மிரட்டினார். என் கணவர் போனில் எழுதிக் காட்டினார்: வேண்டியதில்லை அம்மா, எனக்கு ஒரு தடவைதான், இவளுக்குத்தான் இரண்டு. பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்புதான். எனக்கு அந்தப் பழைய சிரிப்பு கேட்டுவிட்டது.

இப்போதும் காலையில் முதல் வேலை அந்த ஓட்டையைச் சுத்தம் செய்வதுதான். மூச்சு உள்ளே போகும்போது கையை எடுக்கிறேன், வெளியே வரும்போது துடைக்கிறேன். ஆண்டவர் எப்படி இரட்சிக்கிறார் என்று, சபையில் நான் எடுக்கிற வேத வகுப்பில் பெண்பிள்ளைகள் என்னிடம் கேட்டால், முன்பு வரிசையாகச் சொல்லிக் கொடுப்பேன், விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம் என்று. இப்போதும் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன், ஒன்றையும் விடவில்லை. ஆனால் கடைசியில் அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பதில்லை. ஆண்டவர் கரையில் நின்று முழங்கை வரை நனைத்துக்கொண்டு கை நீட்டியிருந்தால் நாம் யாரும் தப்பியிருக்க மாட்டோம், நம்மோடு தலைகுப்புற முழுகினார் என்பதை, அன்றைக்குத் தண்ணீருக்கு அடியில் என் கணவரின் கழுத்தைப் பிடித்திருந்த இந்தக் கைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.